கட்டில் கயிறும் கன்னத்துத் தசையும்: ஃபேஸ்லிஃப்ட் அறுவையில் என்ன நடக்கிறது?

2021 ஜூலையில் அமெரிக்க ஃபேஷன் வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு செல்ஃபி போட்டார். தலையையும் தாடையையும் சுற்றிக் கட்டு. கட்டுக்குள்ளிருந்து ரத்தநீர் வடியக் குழாய். வீங்கிய முகம். அப்போது அவருக்கு வயது 58. முந்தின நாள்தான் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டிருந்தார். அடுத்து வந்த நாட்களிலும் தேறி வருவதை ஒளிக்காமல் படம் எடுத்துப் போட்டார். முகத்தை மாற்றிக்கொண்ட பிரபலங்கள் எத்தனையோ பேர் இருக்க, இது மட்டும் செய்தியானதற்குக் காரணம் உண்டு. இந்த அறுவையைப் பற்றி நாம் பார்ப்பதெல்லாம் இரண்டே படங்கள்: முன்பு, பின்பு. நடுவில் கிடக்கும் நாட்களை யாரும் காட்டுவதில்லை. 1978-ல் முன்னாள் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு 60 வயதில் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டு அதை ஊரறியச் சொன்னபோது, சொன்னதே பெரிய துணிச்சலாகப் பேசப்பட்டது. ஆனால் அவரும் கட்டுப்போட்ட முகத்தைக் காட்டவில்லை.

நாற்பதைத் தாண்டியவர்களில் கண்ணாடி முன் நின்று, காதோரம் இரண்டு விரலை வைத்துத் தோலை மேலே இழுத்துப் பார்க்காதவர்கள் குறைவு. தாடை ஓரத்தில் தொங்கும் சதை மறையும், மூக்கோரத்து மடிப்பு இளகும். விரலை எடுத்தால் பழையபடி ஆகிவிடும். ஃபேஸ்லிஃப்ட் என்றால் இதே காரியத்தைத் தையல் போட்டு நிரந்தரமாக்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் பாதி தப்பு. ஆபரேஷன் ஏன் இத்தனை மணி நேரம் ஆகிறது, கன்னம் ஏன் மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கிறது, சிலருக்கு முகம் ஏன் எதிர்க்காற்றில் பைக் ஓட்டுகிறவர் முகம்போல் இழுத்துக்கொண்டு நிற்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தத் தப்பான பாதியில்தான் இருக்கிறது.

கயிற்றுக் கட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் படுத்து எழுந்த கட்டில் நடுவில் தொய்ந்துபோகும். மேலே விரித்த ஜமுக்காளத்தை எவ்வளவு இழுத்துச் செருகினாலும் பள்ளம் போகாது. கொஞ்ச நேரம் மேலே தட்டையாகத் தெரியும், ஆள் படுத்ததும் ஜமுக்காளம்தான் கிழியும். கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்ட வேண்டும். முகத்தில் ஜமுக்காளம் என்பது தோல். கயிறு, தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் தசையோடு பின்னிக் கிடக்கும் ஒரு நார்ப்படலம். மருத்துவர்கள் அதை ஸ்மாஸ் என்கிறார்கள். கழுத்தில் பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய விரிதசையாக அதுவே கீழே இறங்குகிறது.

இந்தக் கயிறு இருப்பது தெரிய மருத்துவ உலகத்துக்கு முக்கால் நூற்றாண்டு பிடித்தது. 1901-ல் பெர்லினில் ஆய்கன் ஹோலாண்டர் ஒரு போலந்துச் சீமாட்டிக்குச் செய்ததைத்தான் முதல் ஃபேஸ்லிஃப்ட் என்று பொதுவாகச் சொல்வார்கள். காதோரத்திலும் முடி ஓரத்திலும் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தோலை வெட்டியெடுத்து ஒட்டித் தைத்தார், அவ்வளவே. பிறகு வந்தவர்கள் தோலை இன்னும் அகலமாக உரித்து இழுத்தார்கள். தோலின் சுபாவமே நீள்வது. கர்ப்ப காலத்தில் வயிற்றுத் தோல் எவ்வளவு நீண்டு கொடுக்கிறது என்று பார்த்திருக்கிறோம். ஆகவே இழுத்துத் தைத்தது சில மாதங்களில் மீண்டும் தளர்ந்தது. இழுவிசை முழுவதையும் தையல் ஓரமே தாங்கியதால் தழும்பு அகன்றது. காதுமடலின் கீழ்நுனி கீழ்நோக்கி இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒருவர் எப்போதோ ஃபேஸ்லிஃப்ட் செய்திருக்கிறார் என்பதை இன்றும் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தக் காது நுனிதான்.

1974-ல் ஸ்வீடனின் டோர்ட் ஸ்கூக் தோலோடு அடிப்படலத்தையும் சேர்த்துத் தூக்கும் முறையை எழுதினார். 1976-ல் பிரான்சில் மிட்ஸ், பெரோனி என்ற இருவர் அந்தப் படலத்தின் அமைப்பை விளக்கி ஸ்மாஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு நடக்கும் ஃபேஸ்லிஃப்ட் பெயரளவில்தான் பழைய ஆபரேஷன். இப்போது சர்ஜன் ஸ்மாஸை மடித்துத் தைப்பார், அல்லது ஒரு கீற்று வெட்டியெடுத்து ஓரங்களைச் சேர்ப்பார், அல்லது அதன் அடியிலேயே நுழைந்து மொத்தமாகத் தூக்குவார். இழுவிசை அங்கே போய்விடும். மேலே மிஞ்சுகிற தோலை இழுக்காமல், விழுந்த இடத்தில் விழவிட்டு, அதிகமானதை மட்டும் கத்தரித்துத் தைப்பார்கள்.

இன்று விளம்பரங்களில் அதிகம் அடிபடும் பெயர் டீப் பிளேன். 1990-ல் அமெரிக்காவின் சாம் ஹம்ரா எழுதியது. இலவம்பஞ்சு மெத்தையில் பஞ்சு நகராமல் இருக்க ஆங்காங்கே குத்தி முடிச்சுப் போட்டிருப்பார்களே, அதுபோல முகத்திலும் மேலடுக்குகளை ஆழத்தோடு பிணைக்கும் நார்க்கட்டுகள் உண்டு. வயதாக ஆக, முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே உள்ள சதை இறங்கி முடிச்சில் தட்டித் தொங்கும். தாடை ஓரச் சதையும் மூக்கோர மடிப்பும் துலங்குவதில் இதற்குப் பங்கு உண்டு. டீப் பிளேன் முறையில் அந்த முடிச்சுகளை விடுவித்து, தோல், கொழுப்பு, ஸ்மாஸ் மூன்றையும் ஒரே கனமான மடலாகத் தூக்குகிறார்கள். கன்னத்தின் நடுப்பகுதிக்கு இது நன்றாக எட்டுகிறது. ஆனால் கத்தி போகும் இடம் லேசுப்பட்டதல்ல. சிரிக்க, கண் மூட, உதடு குவிக்க உத்தரவு கொண்டுபோகும் முகநரம்பு காதுக்கு முன்னால் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஐந்து கிளையாகப் பிரிந்து, சுரப்பியைத் தாண்டியதும் மேலடுக்குக்கு நெருக்கமாக வருகிறது. சர்ஜன் வேலை செய்வது அதற்கு மேலே சில மில்லிமீட்டர் தூரத்தில். ஆகவே எந்த முறை என்று கேட்பதைவிட, இந்த முறையை வாரத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்பது பயனுள்ள கேள்வி. ஸ்மாஸை மடித்துத் தைப்பதில் கை தேர்ந்தவர் அதைச் செய்வது, டீப் பிளேனை இப்போதுதான் பழகுகிறவர் கையில் முகத்தைக் கொடுப்பதைவிட நல்லது என்பது என் எண்ணம். தோலுக்கு அடியில் நூல் கோத்துத் தூக்குவதும், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் முடிந்துவிடும் என்று விற்கப்படும் மினி வகைகளும் தனிக்கதை. நூலின் பலன் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் மங்கிவிடும். கட்டில் தொய்வு லேசாக இருப்பவருக்கு வேண்டுமானால் அது போதும்.

ஃபேஸ்லிஃப்ட் தொடாத இடங்களும் நிறைய. நெற்றிச் சுருக்கம், கண்ணிமைத் தொய்வு, உதட்டுக்கு மேலே விழும் நுண்கோடுகள், வெயில் கறுப்பு, மங்கு எதுவும் இதில் போகாது. முகம் முதிர்வதற்குத் தொய்வு மட்டும் காரணமில்லை. முகக்கொழுப்பு ஒரே விரிப்பாக இல்லாமல் தனித்தனி அறைகளாக இருப்பதை ரோரிக், பெஸ்ஸா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 2007-ல் சடலங்களில் சாயம் ஏற்றிக் காட்டினார்கள். சில அறைகள் வற்றுகின்றன, சில சரிகின்றன. வற்றிய கன்னத்தைத் தூக்கினால் வற்றிய கன்னம் மேலே போகும். அதனால்தான் பலருக்கு வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி முகத்தில் நிரப்புவதையும் கூடவே செய்கிறார்கள். நிரப்பியதில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும் என்பது தெரிந்தே செய்வது. எடைக் குறைப்பு ஊசிகள் வந்த பிறகு, மளமளவென்று இளைத்து முகம் தொங்கிப்போனவர்களும் இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் எடை ஓரிடத்தில் நிலைக்கட்டும் என்றுதான் நல்ல சர்ஜன் முதலில் சொல்வார்.

ஆபரேஷனுக்கு முந்தைய மாதத்தில் நோயாளி செய்வது, ஆபரேஷன் மேஜையில் சர்ஜன் செய்வதற்குச் சற்றும் குறைந்ததல்ல. முக்கியமானது புகை. உரித்துத் தூக்கிய தோல் மடலுக்கு அடியிலிருந்து வரும் ரத்தம் அறுந்துவிட்டது. ஓரத்திலிருந்து வரும் நுண்குழாய்களை நம்பித்தான் அது உயிரோடு இருக்கிறது. நிக்கோட்டின் அந்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். 1984-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபேஸ்லிஃப்ட்களை அலசியதில், புகைப்பவர்களுக்குத் தோல் கருகி உதிரும் வாய்ப்பு 12 மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. பெரும்பாலும் கருகுவது காதுக்குப் பின்புறம். குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிக்கோட்டின் சூயிங்கமும் வேப் என்ற மின் சிகரெட்டும் புகையிலை மெல்லுவதும் இந்தக் கணக்கில் வரும். ‘புகைப்பதில்லை டாக்டர்’ என்று சொல்லிவிட்டு வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை எல்லாம் ரத்தம் உறைவதைக் கெடுப்பவை. ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர் தானாக நிறுத்தக் கூடாது; இதய மருத்துவரைக் கேட்டுத்தான். சர்க்கரையும் பி.பி.யும் கட்டுக்குள் வராமல் தேதி குறிக்கவே கூடாது.

ஆபரேஷன் பொதுவாக மூன்று மணி முதல் ஆறு மணி நேரம். முழு மயக்கத்தில் செய்வதும் உண்டு, ஊசியில் மரக்கடித்துத் தூக்க மருந்து கொடுத்துச் செய்வதும் உண்டு. ‘அழகுக்குத்தானே’ என்று மயக்க மருந்து டாக்டரை இரண்டாம் பட்சமாக நினைப்பதுதான் ஆபத்து. 2004 ஜனவரியில் நியூயார்க்கில் ஓர் அமெரிக்க நாவலாசிரியர், தாடைக்கு அடியில் தொங்கிய தோலை எடுத்துக்கொள்ளப் போனவர், மயக்க மருந்தால் வந்த சிக்கலில் இதயம் நின்று, கோமாவில் கிடந்து இறந்தார். சர்ஜனின் கைராசியை விசாரிக்கிறவர்கள், அந்த இடத்தில் தீவிர சிகிச்சை வசதி உண்டா, மயக்க மருந்து டாக்டர் கடைசிவரை கூடவே இருப்பாரா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

முதல் இரவுதான் கண்டம். இந்த ஆபரேஷனில் அடிக்கடி வரும் சிக்கல் ஹிமடோமா, அதாவது தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொள்வது. நூற்றில் ஒருவர் முதல் நான்கு பேர் வரை இது வரலாம். ஆண்களுக்கு இன்னும் அதிகம். தாடி வளரும் தோலில் ரத்த ஓட்டம் கூடுதல் என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். வலியில் பி.பி. ஏறினால், வாந்தி எடுத்தால், இருமினால், முக்கினால், மூடிய குழாய் ஒன்று திறந்துகொள்ளும். அதனால்தான் வாந்தி மருந்தும் பி.பி. மாத்திரையும் அழகு ஆபரேஷனில் அவ்வளவு முக்கியம். தலைமாட்டை உயர்த்தி, 30, 40 டிகிரி சாய்வில் மல்லாந்து படுக்க வேண்டும். தலையணையைக் கழுத்துக்கு அடியில் குவித்தால் கழுத்து மடங்கி ரத்த ஓட்டம் கெடும். முதுகோடு சேர்த்து உயர்த்த வேண்டும். கூட இருப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கினால் அது வழக்கம்; ஒரு பக்கம் மட்டும் விண்ணென்று தெறித்து, வலி நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழைக்க வேண்டும். கட்டிய ரத்தத்தை உடனே எடுத்தால் தோல் பிழைக்கும். விட்டுவிட்டால் அழுத்தத்தில் தோல் செத்துவிடும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது எந்த எண்ணை யார் எடுப்பார்கள் என்று நடுராத்திரிக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், வலி எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும். தோலுணர்வு நரம்புகளின் நுனிகள் அறுபட்டிருப்பதால் முகம் வலிப்பதைவிட மரத்திருக்கும். படுத்துவது இறுக்கம். கழுத்தைச் சுற்றி யாரோ பெல்ட் போட்டு வாரிக் கட்டியதுபோல் இருக்கும். வாயை அகலத் திறக்க முடியாது. இட்லியைக்கூடப் பிட்டுப் பிட்டுத்தான் போட வேண்டும். குழாயும் கட்டும் ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் கண்ணாடி பார்க்காமலிருப்பது புண்ணியம். வீக்கம் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். கன்னம் கன்றி, கத்தரிக்காய் நிறத்தில் தொடங்கி, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறியபடி கழுத்துக்கும் மார்புக்கும் இறங்கும். புதிதாக எங்கோ ரத்தம் கசிகிறது என்று பயப்பட வேண்டாம். அது பழைய ரத்தம், புவியீர்ப்பில் இறங்குகிறது. ஒரு பக்கம் வேகமாக வற்றும், மறுபக்கம் தாமதிக்கும். சிரிப்பு கோணலாகத் தெரியும். இந்த ஒரு வாரத்தில்தான் ‘இதை ஏன் செய்தோம்’ என்ற எண்ணம் முளைக்கும். மருந்து, தூக்கமின்மை, அடையாளம் தெரியாத முகம் மூன்றும் சேர்ந்து மனசைக் கவிழ்த்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பாத சர்ஜன் பாதி வேலைதான் செய்தார் என்பேன். வீட்டில் இருக்கிறவர்களின் வாயும் ஒரு காரணம். ‘நல்லாத்தானே இருந்தே, உனக்கு எதுக்கும்மா இது?’ என்று ஐந்தாம் நாள் கேட்கிற அத்தையை ஒரு மாசம் கழித்து வரச் சொல்வது மேல்.

காதுக்கு முன்புறத் தையலை ஐந்து முதல் ஏழு நாளில் பிரிப்பார்கள். முடிக்குள்ளும் காதுக்குப் பின்னும் இருப்பது பத்து, பதினான்கு நாள் வரை போகும். இரண்டாவது வாரக் கடைசியில் கடைக்குப் போய்வரலாம். பார்ப்பவருக்குக் கொஞ்சம் உப்பியதுபோல் தெரியும். வேலைக்குத் திரும்ப இரண்டு, மூன்று வாரம். கனம் தூக்குவது, ஓட்டம், தலைகீழாகக் குனியும் யோகாசனம் எல்லாம் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து. தலைக்கு டை அடிப்பதும் அதற்குப் பிறகுதான். மகள் கல்யாணத்துக்கு முந்தின மாதம் செய்துகொள்ளலாமா என்றால் கூடாது. மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும். ஆறு மாதம் இருந்தால் நல்லது.

மரப்பு மாதக்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு ஒரு வருஷம். காதுக்கு உணர்வு தரும் நரம்பு கழுத்தோரத்தில் மேலாக ஓடுவதால் இந்த ஆபரேஷனில் அதிகம் காயப்படுவது அதுதான். அது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் காது சுடுவது தெரியாமல் ஹேர் டிரையரில் தோலைப் பொசுக்கிக்கொள்வது நடக்கக்கூடியது. தோடு திருகாணியை இறுக்கிப் புண்ணாக்கிக்கொள்வதும் அப்படித்தான். ஆண்கள் மரத்த கன்னத்தில் பிளேடு வைக்காமல் மின் சவரக்கருவி பயன்படுத்துவது நல்லது. அவர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு: தாடித் தோல் பின்னால் நகர்வதால், அதுவரை மொழுமொழுவென்று இருந்த காதோரத்திலும் காதுக்குப் பின்னும் சவரம் செய்ய வேண்டிவரலாம். முகம் அசைக்கும் நரம்பு தற்காலிகமாகச் சோர்ந்து உதடோ புருவமோ ஒரு பக்கம் சரிவது சில வாரங்களில், அல்லது சில மாதங்களில் சரியாகும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

நம் நிறத்தோலுக்கு ஒரு சாதகம், ஒரு பாதகம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதிகம் என்பதால் வெயில் சுருக்கங்கள் தாமதமாகவே விழும். வெள்ளைக்காரர்களுக்கு ஐம்பதில் வரும் கோடுகள் நமக்குப் பல வருஷம் கழித்து வரும். ஆனால் காயம் பட்ட இடம் கறுத்துப்போவதும், தழும்பு தடித்து வளர்வதும் நமக்கு அதிகம். கீலாய்டு, அதாவது காயத்தையும் மீறி வளரும் தடித்த தழும்பு, வரும் உடம்பா என்று தெரிந்துகொள்ள நம்மிடம் ஏற்கெனவே ஒரு பரிசோதனை நடந்து முடிந்திருக்கிறது: காதுகுத்து. துளை போட்ட இடத்தில் கட்டிபோல் சதை வளர்ந்திருந்தால், தடுப்பூசித் தழும்பு தடித்திருந்தால், சர்ஜன் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். காதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று: பாம்படம், தண்டட்டி போட்டு வளர்த்த காதைப் பிற்காலத்தில் மருத்துவமனையில் தைத்துக்கொண்ட பாட்டிகள் தென்மாவட்டங்களில் உண்டு. வயதின் அடையாளத்தை அறுவையில் மாற்றிக்கொள்வது சினிமாக்காரர்களின் ஏகபோகம் அல்ல. இன்றும் கனத்த தோட்டால் கிழிந்த காதை ஃபேஸ்லிஃப்ட்டோடு சேர்த்துச் சரிசெய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தழும்பு முதல் மூன்று மாதம் சிவந்தோ கறுத்தோ துலங்கும், பிறகுதான் மங்கும். முழுதாக முதிர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை வெயில் ஆகாது.

செலவில் சர்ஜன் கட்டணம் ஒரு பகுதிதான். மயக்க மருந்து, தியேட்டர், தங்கல் தனி. அழகுக்காகச் செய்வது மருத்துவக் காப்பீட்டில் வராது. மற்றச் சிகிச்சைகளுக்கு இந்தியாவில் உள்ள ஜிஎஸ்டி விலக்கும் இதற்குக் கிடையாது. திருத்தம் தேவைப்பட்டால் யார் பணம் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம்.

இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன? 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், முகத்துக்கு வயது குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட 49 பேரின் முன், பின் படங்களைச் சம்பந்தமில்லாதவர்களிடம் கலைத்துக் கொடுத்து வயதை ஊகிக்கச் சொன்னார்கள். சராசரியாக 3.1 வருஷம் இளமையாகத் தெரிந்தார்கள். அழகு கூடியதா என்று பார்த்தால், சொல்லும்படி கூடவில்லை. பத்து வருஷம், பதினைந்து வருஷம் குறையும் என்று விளம்பரம் பேசுகிறது. முன்பின் தெரியாதவர் கண்ணுக்கு மூன்று. எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. ‘களைப்பில்லாமல் இருக்கீங்க, ஊருக்குப் போயிட்டு வந்தீங்களா’ என்று கேட்கும் அளவுதான் அந்த மூன்று வருஷம். அதற்குமேல் தெரிந்தால் ஆபரேஷன் தெரிந்துவிடும்.

வயது அதன்பிறகும் நிற்பதில்லை. தூக்கிய இடத்திலிருந்து மறுபடி இறங்கத் தொடங்கும். ஐந்தரை வருஷம் கழித்துப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், நான்கில் மூன்று பேர் அப்போதும் ஆபரேஷனுக்கு முன் இருந்ததைவிட இளமையாகவே தெரிந்தார்கள். கழுத்துதான் முதலில் தளர்ந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிரிஸ் ஜென்னர் முதல் ஃபேஸ்லிஃப்ட்டுக்கு ஏறக்குறைய 15 வருஷம் கழித்து இன்னொன்று செய்துகொண்டதாக 2025-ல் சொன்னார். இரண்டாவது முறை உள்ளே திறப்பவருக்கு வேலை கடினம். அடுக்குகள் தழும்பில் ஒட்டிக்கிடக்கும், நரம்பு இருக்க வேண்டிய ஆழத்தில் இல்லாமலும் போகலாம், கத்தரிக்க மிச்சத்தோலும் குறைவு. முதல் முறை ஸ்மாஸை மடித்தார்களா, வெட்டினார்களா, எந்தப் பக்கமாகத் தூக்கினார்கள் என்று அவர் கேட்பார். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில்லோடு ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருந்தால் அன்றைக்கு எடுத்துக் கொடுக்கலாம்.